போட்டால்தான் எடுக்கலாம்

புந்தோங், ஈப்போ

மகனே,

நானும் மாடுகளும் இங்கே சுகம். நீ சுகமா என்று இந்தத் தடவை கேட்கமாட்டேன். உன் கடிதத்தைப் படித்த பிறகு நீ சுகமாய் இல்லை என்று எனக்கே தெரிந்துவிட்டது. உன்னைப் பிடித்திருப்பது ரப்பர்க் காய்ச்சல். அதற்கு மருந்து கிடையாது. முந்திப் பிடித்தவன் எப்படிச் செத்தான் என்று சொல்வதுதான் ஒரே வைத்தியம். அதைத்தான் சொல்லப்போகிறேன், உட்கார்ந்து படி. தோட்டத்தில் கிராணி உத்தியோகம் பார்க்கிறவன் நீ, ஆபீசில் நாலு பேர் பார்க்க இதைப் பிரிக்காதே. பள்ளிக்கூடத்துப் பிள்ளையாய் நீ எழுதிய சிலேட்டைப் பார்த்துப் பார்த்து நான் கற்றுக்கொண்ட எழுத்து இது, கோணலாகத்தான் இருக்கும். பால் கறந்து, ஊற்றி, சாணி அள்ளியது போக மிச்ச நேரத்தில் எழுதுவதால் முடிக்கச் சில நாள் ஆகும்.

நீ கேட்டதை நானே ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறேன், தப்பாய்ப் புரிந்துகொண்டேன் என்று பிறகு சொல்லாதே. சுங்காய்ப் பக்கம் ஒரு சீனத் தவுக்கே, பெரிய முதலாளி, ரப்பர் நிலம் விற்கிறார். நீயும் உன் காம்பார் ஊர்க் கூட்டாளியும் சேர்ந்து வாங்கப் போகிறீர்கள். கால் பங்கு கையிலிருந்து, மிச்சம் செட்டியார் கிட்டங்கியில் வட்டிக்கு. அந்தக் கால் பங்குக்கு என் வலது காதில் தொங்குகிற தண்டட்டி வேண்டும். அதுவும் போதாவிட்டால், தை மாதம் உனக்கு வாக்கப்பட்டு வரப்போகிற அஞ்சலையின் நகை இருக்கவே இருக்கிறது. விலை நாளுக்கு நாள் ஏறுகிறது, இப்போது விட்டால் இனி இல்லை. இவ்வளவையும் படித்துப் பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன். கடைசியில் ஒரு வரி எழுதினாய் பார், 'போட்டாத்தான் எடுக்கலாம், ஆத்தா' என்று. அதைப் படித்ததும் கையிலிருந்த பால் செம்பைச் சுவரில் அடித்தேன். செம்பு நசுங்கிவிட்டது, அதற்கு நீதான் காசு தரவேண்டும்.

அந்த வரி உன்னுடையது இல்லை. எழுத்துக்கு எழுத்து உன் அப்பனுடையது. அவர் அதைச் சொன்ன காலத்தில் நீ சுவரைப் பிடித்து நடக்கிற பிள்ளை, கேட்டிருந்தாலும் உனக்கு நினைவிருக்காது. ரத்தத்தில் வந்துவிட்டதோ என்று முதலில் பயந்தேன். அப்புறம் யோசித்தேன், ரத்தமும் இல்லை ஒன்றும் இல்லை. பேராசைக்குத் தெரிந்த பேச்சே அவ்வளவுதான். எந்த வாயில் ஏறி உட்கார்ந்தாலும் அது அதையேதான் பேசும்.

என் இடது காது ஏன் கிழிந்து இரண்டாய்த் தொங்குகிறது என்று சின்னதில் கேட்டாய். மாடு முட்டியது என்றேன். அப்பா எங்கே என்று கேட்டாய். காய்ச்சலில் போய்விட்டார் என்றேன். இரண்டும் பொய். உனக்குச் சோறு போட்ட மாட்டின் மேலேயே பழி போட்டேன். நம் பாஷையில் இந்தப் 'போடு' இருக்கிறதே, அதைக் கொஞ்சம் கவனித்துப் பார். சோறு போடு என்கிறோம். காதில் போடு என்கிறோம். தபாலாபீசில் காசு போடு என்கிறோம். ஒருவனை வெட்டிச் சாய்த்தாலும் 'போட்டுட்டான்' என்றுதான் சொல்கிறோம். எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, எதை எங்கே போடுகிறோம் என்று பார்க்காமல் போட்டவர்களின் கதை நம் வீட்டுக் கதை.

சுங்காய்க்கு உள்ளே, ரயில் சத்தம் கேட்காத தூரத்தில் இருந்தது அந்தத் தோட்டம். நானும் உன் அப்பாவும் அங்கே ரப்பர் மரத்தில் பால் வெட்டினோம். என் அண்ணன் கருப்பையா, உனக்குத் தாய்மாமன், கூலிகள் குடியிருக்கிற லயத்தில் எங்களுக்கு அடுத்த கதவில் இருந்தார். ஊரிலிருந்து எங்களைக் கப்பலேற்றிக் கூட்டி வந்ததே அவர்தான். உன் அப்பாவின் கை போல ஒரு கை அந்தத் தோட்டத்திலேயே கிடையாது. பட்டையில் கத்தி கொஞ்சம் ஆழமாய்ப் போனால் மரம் புண்ணாகும், மேலாகப் போனால் பால் வராது. அவர் வெட்டிய மரத்தில் ஒரு புண் பார்க்க முடியாது. துரையே வந்து நின்று பார்த்துவிட்டுப் போவார். உன் அப்பா கெட்டவராய்ப் பிறந்தவர் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நான் காசு சேர்க்கக் கற்றுக்கொண்டது யார் புத்தி சொல்லியும் இல்லை, ஒரு மனுஷன் அடி வாங்கியதைப் பார்த்துத்தான். அந்தத் தோட்டத்தில் கடை கங்காணியுடையது. அரிசி, கருவாடு, சேலை எல்லாம் கடன். சம்பளத்தன்று கங்காணி தன் கடனைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பான். பலருக்கு மிச்சமே இருக்காது. எங்கள் லயத்தில் ஒருவன் மகள் சடங்குக்குச் சாமான் எடுத்துவிட்டு, கடனுக்குப் பயந்து வேறு தோட்டத்துக்கு ஓடப் பார்த்தான். பிடித்து வந்து, காலையில் எல்லாரும் பேர் கொடுக்க நிற்கிற பெரட்டுக் களத்தில் வைத்து, கங்காணி பிரம்பால் விளாசினான். பிரம்பு ஒடிந்ததும் காலால் மிதித்தான். அடிபட்டவன் வாயிலிருந்து தெறித்த பல் என் கால்மாட்டில் வந்து விழுந்தது. நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றோம், பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு வெட்டுக்குப் போனோம். அன்றைக்கு எடுத்த முடிவுதான், சம்பளம் கைக்கு வந்ததும் முதல் பங்கு எனக்கு, மிச்சத்தில்தான் அரிசி. மிஞ்சினால் சேர்க்கலாம் என்றிருக்கிறவளுக்கு ஒரு நாளும் மிஞ்சாது மகனே. எடுத்து வைத்துவிட்டு, இருப்பதைக் கொண்டு வயிற்றைக் கட்டவேண்டும்.

எடுத்து வைத்ததை எங்கே வைப்பது? எனக்குத் தெரிந்த இடம் காதுதான். ஊரில் சிறு பெண்ணாய் இருக்கும்போதே காது வளர்த்து விட்டிருந்தார்கள். சம்பள நாளில் லயத்துக்கு ஓர் ஆசாரி வருவார், என் அண்ணன்தான் அவரைக் கூட்டி வருவார். கொஞ்சம் கொஞ்சமாய்க் கொடுத்து வைத்து, ஒரு ஜோடி தண்டட்டி செய்துகொண்டேன். கனமான உருப்படி, தோள் வரை தொங்கும். ஆனால் தண்டட்டி முழுத் தங்கம் இல்லை. மேலே தங்கத் தகடு, உள்ளே அரக்கு. முழுத் தங்கத்தில் செய்தால் காது அறுந்து மடியில் விழுந்துவிடும். இது பெண்களுக்குத் தெரியும், ஆசாரிக்குத் தெரியும். ஆம்பிளைகள் காது தொங்குகிற தொங்கலைப் பார்த்துச் சொத்தை எடை போடுவார்கள். உன் அப்பா கள்ளுக்கடையில், 'எம் பொண்டாட்டி காதுல ஒரு தோட்டமே தொங்குது' என்று பீற்றிக்கொள்வார். கேட்டால் எனக்குச் சிரிப்பாயிருக்கும், உள்ளுக்குள் பெருமையாகவும் இருக்கும். உள்ளே அரக்கு என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. வீட்டில் என்ன இருக்கிறது என்று புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்து பேசாத வீடு அது.

அப்போதுதான் ரப்பர் விலை ஏறியது, இப்போது ஏறுகிற மாதிரியே. கள்ளுக்கடையில் ரப்பர், பெரட்டில் ரப்பர், மாரியம்மன் கோயில் வாசலில் ரப்பர். பால் மரத்தைக் கிட்டப் போய்ப் பார்க்காத கடைக்காரன்கூட நிலம் வாங்கினான். ஊரே ஒரு பேச்சைப் பேசுகிற நாளில் விலை உச்சியில் இருக்கும், அன்று வாங்குகிறவன் உச்சியில் ஏறி நிற்கிற கடைசி ஆள். இது எனக்கு இப்போது தெரிகிறது, அப்போது யாருக்குத் தெரிந்தது? உன் அப்பாவும் என் அண்ணனும் கூட்டுச் சேர்ந்து, காட்டோரமாய் இளம் ரப்பர் நின்ற ஒரு துண்டை வாங்கினார்கள். கையில் இருந்தது கொஞ்சம், செட்டியார் கடன் நிறைய. மரம் இன்னும் வெட்டுக்கே வரவில்லை, வட்டி அன்றைக்கே வந்துவிட்டது. வட்டிக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. மழை பெய்தால் பால்வெட்டு நிற்கும், வட்டி நிற்காது. உன் கடனுக்கு வட்டி, அந்த வட்டிக்கும் வட்டி என்று அது தன்பாட்டுக்கு வளரும். அதே வளர்த்தியை உனக்காக வளர வைக்கவும் முடியும், அதைப் பிறகு சொல்கிறேன்.

ஏறிய விலை இறங்கியது. முதலில் யாரும் நம்பவில்லை, கொஞ்சம் இறங்கி ஏறும் என்றார்கள். பிறகு இன்னும் இறங்கியது. என் அண்ணன் நிதானக்காரர். ஒரு நாள் சோறு தின்றுகொண்டே உன் அப்பாவிடம், "மச்சான், வித்துப்புடுவோம். போனது போவட்டும், மிச்சமாச்சும் கையில நிக்கும்லா" என்றார். உன் அப்பா தட்டைச் சோற்றோடு அவர் மார்பில் எறிந்தார். "போட்டத எடுக்காம ஒரு அடி நகரமாட்டேன்" என்றார். அண்ணன் மேலே ஒட்டியிருந்த பருக்கைகளைத் தட்டிவிட்டு எழுந்து போனார். உன் அப்பாவைக் கொன்றது அந்தப் பேச்சுத்தான் என்று நான் நினைக்கிறேன். போட்டது போட்டதுதான், அது அங்கே இல்லை. இன்றைக்கு அந்த மண்ணுக்கு என்ன விலை, நாளைக்கு அது சோறு போடுமா என்று மட்டும்தான் பார்க்கவேண்டும். போட்டதைத் துரத்திக்கொண்டு ஓடுகிறவன் மேலும் மேலும் போட்டுக்கொண்டே ஓடுவான்.

என் காது கிழிந்த அன்று காலை அவர் குடித்திருக்கவில்லை. குடித்திருந்தால் கள்ளின் மேல் போட்டுவிட்டு மறந்திருப்பேன். நான் அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தேன், நீ என் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாய். "கழட்டிக் குடு புள்ள, வட்டி கட்டணும்" என்றார். ஆட்களை வேலையை விட்டு நிறுத்தப் போகிறார்கள் என்று தோட்டத்தில் பேச்சு அடிபட்ட சமயம் அது. "தரமாட்டேன். இது புள்ளைக்குச் சோறு" என்றேன். "போட்டாத்தான் எடுக்கலாம்" என்றார். சொல்லிக்கொண்டே ஒரு கையால் என் தலையை அடுப்போடு அழுத்தி, மறு கையின் விரலை இடது தண்டட்டிக்குள் விட்டு இழுத்தார். காது கிழிகிற சத்தம் வெளியே யாருக்கும் கேட்காது, நமக்கு மட்டும்தான் கேட்கும். பழைய சேலை கிழிகிற சத்தம்தான். ரத்தம் உன் தலையில் தெறித்தது. நீ அழவில்லை, தொட்டுத் தொட்டு விரலைப் பார்த்தாய். அடுத்து வலது காதுக்குக் கை வந்தது. என் கைக்கு எட்டியது விறகு பிளக்கிற பாராங் கத்தி. ஒரே போடு போட்டேன். அவருடைய வலது கையில் இரண்டு விரல் அடுப்புச் சாம்பலில் விழுந்தன.

இதற்கு நான் வருத்தப்பட்டதாக நீ நினைத்துவிடக் கூடாது. அன்றும் படவில்லை, இன்றும் படவில்லை. பால் வெட்டிப் பிழைக்கிறவன் கையை வெட்டிவிட்டாளே என்று லயத்துப் பெண்கள் என்னைக் காறித் துப்பினார்கள். துப்பட்டும். நீ இப்போது கேட்கிற வலது தண்டட்டி, அன்றைக்கு அந்த இரண்டு விரலைக் கொடுத்து நான் காப்பாற்றியது. கேட்கும்போது அதன் விலை தெரிந்து கேட்கவேண்டும் அல்லவா?

பிறகு நடந்ததைக் கோர்ட்டில் உட்கார்ந்து கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு அவர் ஈப்போவுக்குப் போய், ஒரு நகைக்கடையில் தண்டட்டியைக் கொடுத்திருக்கிறார். கடை ஆசாரி அதை உடைத்து, தகட்டை ஒரு பக்கமும் அரக்கை ஒரு பக்கமும் வைத்திருக்கிறார். தங்கம் கொஞ்சம், அரக்கு உருண்டை பெரிது. தண்டட்டி என்றால் இப்படித்தான் இருக்கும் என்று அவர் எவ்வளவோ எடுத்துச் சொல்லியிருக்கிறார். உன் அப்பா காதில் அது ஏறவில்லை. என் அண்ணனும் லயத்துக்கு வந்த ஆசாரியும் கூட்டுச் சேர்ந்து தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று முடிவு கட்டிவிட்டார். நிலத்தை விற்கச் சொன்னதும் அதனால்தான் என்று அவருக்கே ஒரு கணக்கு. நஷ்டப்பட்டவனுக்கு எப்போதும் ஒரு திருடன் தேவைப்படுகிறான், தன் முட்டாள்தனத்தைத் தவிர யார் கிடைத்தாலும் சரி.

மறுநாள் உச்சிப்பொழுது, பால் நிறுக்கிற கொட்டகையில் அண்ணன் வாளியோடு வரிசையில் நின்றார். உன் அப்பா இடது கையில் பால் வெட்டும் கத்தியோடு வந்தார். "அரக்குத்தான் இருக்கு மச்சான், தங்கம் எங்க?" என்று கேட்டார். அண்ணனுக்கு என்ன கேட்கிறார் என்றே புரியவில்லை. புரியாத முகத்தோடு திரும்பினார். மயிரிழை அளந்து வெட்டுகிற ஆள் அவர், அன்றைக்கு அளக்கவில்லை. கழுத்தில் முதல் வெட்டு. அண்ணன் வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விழுந்தார். விழுந்த பிறகும் வெட்டினார். கொட்டியிருந்த பாலில் ரத்தம் கலந்து ஓடியது. நான் அங்கே ஓடிப்போய்ச் சேர்ந்தபோது, ஓரத்தில் அது உறைய ஆரம்பித்துவிட்டது. என் அண்ணன் என்னைக் கூட்டி வந்து விட்ட நாட்டில், என் கண் முன்னால், அந்தப் பாலில் கிடந்தார். அதற்குப் பிறகு பால் மரத்தில் நான் கத்தி வைக்கவே இல்லை.

உன் அப்பாவைத் தூக்கில் போட்டார்கள்.

அதற்கு முன் ஒரு தடவை ஜெயிலுக்குப் போய்ப் பார்த்தேன், உன்னையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு. மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். அண்ணன் பேரையாவது சொல்வார் என்று நினைத்தேன். கம்பிக்குப் பின்னால் நின்றுகொண்டு, "மண்ண மட்டும் வித்துராத புள்ள. விலை ஏறும்" என்றார். அவ்வளவுதான். சாகப்போகிறவனுக்கு அதுதான் நினைப்பு. அதைக் கேட்டு எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது, அழுகையும் வந்தது. அப்படியே திரும்பி வந்துவிட்டேன்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அவர் சொன்னது சரி. சில வருஷம் கழித்து விலை ஏறியது. ஆனால் ஏறுகிறபோது மண் செட்டியாரிடம் இருந்தது, உன் அப்பா மண்ணுக்குள் இருந்தார். நீயும் விலை ஏறும் என்கிறாய், ஏறலாம். நான் மறுக்கவில்லை. நடுவில் விழுந்துவிட்டு ஏறினால் என்ன செய்வாய்? சொந்தக் காசில் வாங்கியவன் மரத்தடியில் பாய் விரித்துப் படுத்துக் காத்திருப்பான். கடன் வாங்கியவனுக்குக் காத்திருக்க நேரம் கிடையாது. அவனுக்கு நேரத்தைக் கொடுப்பதும் பறிப்பதும் இன்னொருவன் கை.

அதற்குப் பிறகு நாம் எப்படிப் பிழைத்தோம் என்று கேட்பாய். காதில் தொங்கியது போக, ஒரு பால் டின்னில் கொஞ்சம் வெள்ளிக் காசைப் போட்டு அடுப்புக்குக் கீழே புதைத்திருந்தேன். அது யாருக்கும் தெரியாது. நகையைப் போல அது மினுக்கவில்லை, அதனால் யாரும் அதற்காக அடித்துக்கொள்ளவில்லை. அந்தக் காசில்தான் ரயிலேறி ஈப்போ வந்தோம், வயிறு கழுவினோம், ஒரு கிழட்டுப் பசுவில் பாதிப் பங்கு வாங்கினேன். அது கன்று போட்டது. அந்தக் கன்று வளர்ந்து இன்னொன்று போட்டது. காளைக் கன்றை விற்றுக் கிடாரி வாங்கினேன். நீ அந்தக் கன்றுகளோடு விளையாடினாயே, வட்டிக்கு வட்டி என்று சொன்னேனே, அது இதுதான், நம் பக்கம் நின்று வளர்கிற மாதிரி. தங்கம் காதில் தொங்கும், கன்று போடாது. ஆனால் மாடு சாகும். கோமாரி வந்து தொழுவத்தில் பாதி சரிந்த வருஷம் உனக்கே நினைவிருக்கும், வாயில் நுரை தள்ளிக் கிடந்ததுகளை நீயும் நானும் இழுத்துப்போய்ப் புதைத்தோம். அன்றைக்குப் பால் டின்னை விட்டுவிட்டுத் தபாலாபீசுக்குப் போக ஆரம்பித்தேன். பால் காசில் ஒரு பங்கு அங்கே, ஒரு பங்கு மாட்டில். ஒன்று விழுந்தால் ஒன்று தாங்கும்.

சில வருஷத்துக்கு முன் ரப்பர் மறுபடி விழுந்ததே, அப்போது நீ மீசை முளைத்த பையன். தோட்டம் தோட்டமாய் ஆட்களை ஊருக்குத் திருப்பிக் கப்பலேற்றினார்கள். ஈப்போ ரயிலடியில் ஒருவன் பட்டினியில் தன் பிள்ளையை அடித்தே கொன்றுவிட்டான் என்று நீதான் ஓடிவந்து சொன்னாய். அந்த வருஷம் நம் அடுப்பு ஒரு நாளாவது அணைந்ததா? இல்லை. நான் கெட்டிக்காரி என்பதால் இல்லை. யாருக்கும் நான் கடன்படவில்லை, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தொங்கவிடவில்லை. இதில் பெரிய வித்தை ஒன்றும் கிடையாது.

நீ நிலமே வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. சம்பளம் வாங்கிய அன்றே, கடைக்குப் போகுமுன் தபாலாபீசுக்குப் போ. துரை நாளைக்கே சீட்டைக் கிழித்தாலும் சில மாதம் அடுப்பு எரிகிற அளவு அங்கே சேரட்டும். அதைத் தொடாதே, அது முதல் இல்லை, அது சோறு. அதற்கு மேல் சேர்கிறதில் ஒரு சின்னத் துண்டு வாங்கு, ரப்பரை நாய்கூடச் சீண்டாத நாளில் வாங்கு. வாங்குமுன் நடந்துபோய் ஒவ்வொரு மரமாய்ப் பட்டையைத் தொட்டுப் பார். விற்கிறவன் ஏன் விற்கிறான் என்று கேள். இவ்வளவு லாபம் நிச்சயம் என்று உன் கூட்டாளி சொன்னால், அப்புறம் ஏன் எனக்குப் பங்கு தருகிறாய் என்று அவனைக் கேள். எதுவானாலும் உள்ளே எவ்வளவு தங்கம், எவ்வளவு அரக்கு என்று உடைத்துப் பார்க்காமல் காசைப் போடாதே. போனால் தூக்கம் கெடும் என்கிற அளவுக்கு எதிலும் போடாதே. பிறத்தியார் காதில் கிடப்பதை உன் கணக்கில் சேர்க்கவே சேர்க்காதே.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். உன் கடிதம் வந்த மறுநாள் வலது தண்டட்டியைக் கழற்றி, ஆசாரியிடம் கொண்டுபோய், என் கண் முன்னால் உடைக்கச் சொன்னேன். தகட்டை உருக்கி விற்றேன். காசை எடுத்துக்கொண்டு காம்பாருக்கு ரயிலேறினேன். அஞ்சலையையும் அவள் தாயாரையும் தபாலாபீசுக்குக் கூட்டிப்போய், அவள் பேரிலேயே போட்டேன். பாஸ் புத்தகம் அவள் கையில் இருக்கிறது. கையெழுத்து அவளே போட்டாள், உன்னைவிட நல்ல எழுத்து. "அத்தை, நான் சொல்லாம வேற யாரும் எடுக்க முடியாதுல்ல?" என்று கேட்டாள். முடியாது என்றேன். அதற்குப் பிறகு, இந்தக் கடிதத்தில் உனக்கு எழுதுகிற எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். நீ அவள் நகையைக் கேட்கப்போவதையும் சொன்னேன். உனக்கு முன்னால் அவளுக்குச் சொன்னதில் உனக்குக் கோபம் வரும், வரட்டும். தூக்கில் தொங்கினவன் மகனுக்கு வாக்கப்படுகிறவளுக்கு அது முதலில் தெரியவேண்டும்.

அவள் என் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அவரு என்ன பதில் எழுதுறாருன்னு பாத்துட்டுச் சொல்றேன் அத்தை" என்றாள். ஆகையால் உன் பதிலை எனக்கு எழுதவேண்டாம், அவளுக்கு எழுது. பசப்பாமல் எழுது. அவளுக்குப் படிக்கத் தெரியும்.

இந்தக் கடிதத்தோடு துணியில் சுற்றி ஒரு பொட்டலம் வரும். பிரித்தால் கறுப்பாய் ஓர் உருண்டை இருக்கும். என் காதில் இத்தனை வருஷம் கனத்த அரக்கு அது. நீ கேட்டாயே, கேட்டதில் உன் பங்கு. எந்தக் கிட்டங்கியில் வேண்டுமானாலும் கொண்டுபோய்ப் போடு, எவ்வளவு எடுக்கிறாய் என்று பார்ப்போம்.

உன் மேல் எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. கிழிந்த காதோடு உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தவள் நான், நீ நன்றாயிருக்கவேண்டும் என்று தவிக்கிற தவிப்பு எனக்குத்தான் தெரியும். அஞ்சலை சரி என்று சொன்னால், தை மாதம் வெறும் காதோடு வந்து பந்தலில் முன்னால் உட்காருவேன். யாராவது கேட்டால் மாடு முட்டியது என்று சொல்லாதே, நடந்ததைச் சொல். அந்தப் பாராங் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. மாட்டுக்குப் புல் அறுக்கத் தினமும் தீட்டுகிறேன். கல்யாணத்துக்கு அதைக் கொண்டுவரமாட்டேன், வீட்டில் இருக்கும். என்றைக்கும் அது வீட்டிலேயே இருக்கும்படி நடந்துகொள்.

உன் ஆத்தா